டிரெய்லர் பிரேக் பிடிக்கவில்லையா? முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

டாலஸிலிருந்து கொலராடோவுக்கு டிரெய்லரை இழுத்துக்கொண்டு போனபோது, நியூ மெக்சிகோ எல்லையில் ராட்டன் கணவாயைத் தாண்டி கொலராடோவின் டிரினிடாட் ஊர்ப் பக்கம் இறங்கும் இடத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. உச்சி 7,834 அடி. ஏறும்போது இன்ஜின் முனகியது, அது பரவாயில்லை. இறங்கும்போது பெடலை மிதிக்கிறேன், பிக்கப் நிற்கப் பார்க்கிறது, பின்னால் இருக்கும் 6,000 பவுண்டு, அதாவது 2,700 கிலோ, நிற்கிற எண்ணமே இல்லாமல் முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது. ஊரிலிருந்து வந்திருந்த அப்பா ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். பின் சீட்டிலிருந்து "லோடு வண்டியத் தள்ளுதுடா, கியரக் குறை" என்றார். குறைத்தேன். எப்படியோ இறங்கிச் சேர்ந்தோம்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் முட்டாள்தனம். பிரேக் வேலை செய்யவில்லை என்றால் பிரேக் கன்ட்ரோலர்தான் (டிரெய்லர் பிரேக்குக்கு மின்சாரம் அனுப்பும் பெட்டி) போயிருக்கும் என்று முடிவு கட்டி, புதிதாக ஒன்று வாங்கி, டேஷுக்கு அடியில் மல்லாந்து படுத்து மாட்டி முடித்தேன். துளி வித்தியாசம் இல்லை. கடைசியில் பழுது இருந்தது ஒரு வெள்ளை வயரின் முனையில். சரி செய்ய ஒரு டாலர்கூட ஆகவில்லை. அதனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் எந்த வரிசையில் பார்க்கவேண்டும் என்பதை எழுதிவைக்கிறேன்.

எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. டிரெய்லர் சக்கரத்துக்குள் இருப்பது நம் பழைய டிரம் பிரேக்தான், ஆனால் எண்ணெய் கிடையாது, குழாய் கிடையாது. ஹைட்ராலிக் சிலிண்டர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு நெம்புகோல், அதன் நுனியில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு மின்காந்தம். மின்சாரம் வந்ததும் காந்தம் சுற்றிக்கொண்டிருக்கும் டிரம்மின் உள்முகத்தில் போய் ஒட்டுகிறது, டிரம் அதைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறது, அந்த இழுப்பில் நெம்புகோல் திரும்பி ஷூக்களை, அதாவது டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த கட்டைகளை, விரிக்கிறது. அவ்வளவுதான். இதிலிருந்தே ஒன்று புரியும்: நின்றுகொண்டிருக்கும் டிரெய்லரில் காந்தம் ஒட்டும், ஆனால் பிரேக் பிடிக்காது. சக்கரம் உருண்டால்தான் பிடிக்கும். வண்டியை நிறுத்திவைத்துவிட்டு "பிரேக் பிடித்திருக்கிறதா பார்" என்று டிரெய்லரைக் கையால் தள்ளிப் பார்ப்பதில் அர்த்தம் இல்லை.

வண்டிக்குள் இருக்கும் கன்ட்ரோலரின் வேலை, பெடலை மிதித்ததும் டிரெய்லர் பிரேக்குக்குப் போகும் நீல வயரில் எவ்வளவு மின்சாரம் அனுப்புவது என்று தீர்மானிப்பது. நல்ல கன்ட்ரோலர் வண்டி எவ்வளவு வேகமாக மட்டுப்படுகிறது என்பதை உணர்ந்து அதற்கேற்ப அனுப்பும். மலிவானது மிதித்ததும் ஒரே கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போகும். புதிய ஃபோர்ட், செவி, ராம் பிக்கப்களில் இது கம்பெனியிலேயே டேஷில் வைத்து வரும், என்னுடைய பழைய வண்டியில் முழங்கால் இடிக்கும் இடத்தில் தனிப் பெட்டியாகத் தொங்குகிறது. இரண்டிலும் கையால் தள்ளும் ஒரு லீவர் உண்டு. பெடலைத் தொடாமல் டிரெய்லர் பிரேக்கை மட்டும் இயக்குவது அது. பழுது பார்க்கும்போது அதைவிட நல்ல கருவி கிடையாது.

முதல் கேள்வி: பெடலில் வருகிறதா, லீவரில் வருகிறதா?

ஆளில்லாத வாகன நிறுத்தத்தில் 20 மைல் வேகத்தில் போய் லீவரை மட்டும் தள்ளுங்கள். டிரெய்லர் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கிறது, ஆனால் பெடலை மிதித்தால் பிடிக்கவில்லை என்றால், டிரெய்லரை மறந்துவிடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. பிரேக் மிதித்த செய்தி கன்ட்ரோலருக்குப் போகவில்லை. தனியாக மாட்டிய கன்ட்ரோலரில் நாலு வயர் இருக்கும்: கருப்பு பேட்டரிக்கு, வெள்ளை எர்த்துக்கு, நீலம் டிரெய்லருக்கு, சிவப்பு பிரேக் பெடல் சுவிட்சுக்கு. அந்தச் சிவப்பு வயரைப் பாருங்கள். அதற்கும் முன்னால் இறங்கிப்போய் வண்டியின் பிரேக் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள், பல வண்டிகளில் ஃபியூஸ் போயிருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

லீவரிலும் வரவில்லை என்றால்தான் மேலே படிக்கவேண்டும்.

இரண்டாகப் பிரியுங்கள்

பழுது வண்டியிலா, டிரெய்லரிலா? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் ஸ்பானரைக் கையில் எடுக்காதீர்கள். பிரிக்கும் இடம், பம்பருக்குக் கீழே இருக்கும் ஏழு முனை பிளக். நண்பர் ஒருவரிடம் நன்றாக வேலை செய்யும் டிரெய்லர் இருந்தால், அதை உங்கள் வண்டியில் மாட்டிப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் விடை வந்துவிடும். நண்பர் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி, பிரேக்அவே சுவிட்ச்.

டிரெய்லர் கழன்று ஓடினால் தானாகப் பிரேக் போடுவதற்காக, முன் கழுத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு ஊசி, ஊசியிலிருந்து வண்டிக்கு ஒரு கம்பி இருக்கும். ஊசி பிடுங்கிக்கொண்டால் டிரெய்லரின் சொந்த பேட்டரியிலிருந்து முழு 12 வோல்ட்டும் காந்தங்களுக்குப் போகும். வண்டியிலிருந்து பிளக்கைக் கழற்றிவிட்டு (இது முக்கியம், மாட்டியபடியே செய்தால் பின்வாசல் வழியாக கன்ட்ரோலருக்குள் மின்சாரம் போகும்) ஊசியைப் பிடுங்கி, சக்கரத்துக்குப் பக்கத்தில் காதை வையுங்கள். டக்கென்று ஒரு சத்தமோ லேசான முனகலோ கேட்கும். தெருச் சத்தத்தில் கேட்கவில்லை என்றால் ஒரு திசைகாட்டியைச் சக்கரத்தின் அருகே கொண்டுபோங்கள், காந்தம் உயிரோடு இருந்தால் முள் திரும்பும். இதற்கு மேல் உறுதி வேண்டுமென்றால் ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிவிட்டு, ஒருவர் ஊசியைப் பிடுங்கட்டும். சக்கரம் நின்றுவிட வேண்டும். ஜாக்கியை இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஆக்ஸில் குழாயில் கொடுக்காதீர்கள், வளைந்துவிடும். டிரெய்லரின் இரும்புச் சட்டத்தில் கொடுங்கள், கீழே ஸ்டாண்ட் வையுங்கள், மற்ற சக்கரங்களுக்குக் கட்டை போடுங்கள்.

வேலை முடிந்ததும் ஊசியை உடனே திரும்பச் செருகுங்கள். விட்டுவைத்தால் காந்தம் சூடாகும், பேட்டரி காலியாகும். அமெரிக்க மத்திய விதிப்படி வணிக வாகனங்களில் இந்தப் பிரேக் குறைந்தது 15 நிமிடம் பிடித்து நிற்கவேண்டும். அதற்குமேல் அதைச் சோதித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

எல்லாச் சக்கரமும் பிடித்தால் காந்தங்களும், சக்கரங்களுக்குப் போகும் வயர்களும் நல்லவை. அப்படியானால் பழுது வண்டியிலா? இங்கேதான் நான் ஏமாந்தேன். ஊசி சோதனையில் மின்சாரம் டிரெய்லர் பேட்டரியிலிருந்து கிளம்பி டிரெய்லர் பேட்டரிக்கே திரும்புகிறது. பிளக்குக்கு வரும் கேபிளை அது தொடுவதே இல்லை. என் டிரெய்லர் அந்தச் சோதனையில் முதல் மதிப்பெண்ணில் தேறியது, அதனால்தான் கன்ட்ரோலர் மேல் பழி போட்டேன். பிளக்குக்கும் டிரெய்லரில் வயர்கள் வந்து சேரும் முன் பெட்டிக்கும் நடுவில் ஐந்தாறு அடி கேபிள் இருக்கிறதே, அது எந்தப் பக்கமும் சேராத ஆள். அதைத் தனியாகப் பார்க்கவேண்டும்.

எர்த் வயர்

நீல வயரில் போகும் மின்சாரம் அத்தனையும் வெள்ளை வயரில் திரும்பி வரவேண்டும். ஊரில் எர்த் என்போம், இங்கே கிரவுண்ட். இடது விளக்கு, வலது விளக்கு, பின்விளக்கு, பிரேக், பேட்டரி சார்ஜ், எல்லாவற்றுக்கும் திரும்பும் பாதை அந்த ஒன்றுதான். அது பலவீனமானால் விளக்குகள் எரியும், ஏனென்றால் அவற்றுக்குத் தேவை கொஞ்சம். பிரேக்குக்கு வேண்டியது அதிகம், அது மட்டும் தள்ளாடும். ஒரு அடையாளம் சொல்கிறேன்: பிரேக் பிடித்தபடி இன்டிகேட்டர் போடும்போது, இன்டிகேட்டர் விட்டுவிட்டு எரியும் தாளத்துக்கே பிரேக்கும் விட்டுவிட்டுப் பிடித்தால், அல்லது ஹெட்லைட் போட்டதும் பிரேக் தளர்ந்தால், எர்த்தைத் தவிர வேறு எதையும் முதலில் தொடாதீர்கள்.

இன்னொரு குழப்பம், எர்த் வயர் அறுந்தே போனாலும் பிரேக் சில நேரம் வேலை செய்யும். டிரெய்லரின் கழுத்து வண்டியின் இரும்புக் குண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது அல்லவா, மின்சாரம் அது வழியாகத் திரும்பிவிடும். குண்டுக்குக் கிரீஸ் தடவினால், மேடு பள்ளத்தில் குலுங்கினால், அந்தப் பாதை வரும் போகும். வீட்டு வாசலில் பிடித்த பிரேக் கணவாயில் பிடிக்காமல் போனதற்கு என் விஷயத்தில் இதுதான் காரணம். முன் பெட்டியைத் திறந்தபோது வெள்ளை வயரை முறுக்கிச் செருகியிருந்த இடத்தில் பச்சைக் களிம்பு பூத்து, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. வெட்டி, புதிய செப்பு தெரியும்வரை உரித்து, கிரிம்ப் போட்டு, உப்புத்தாளால் தேய்த்த சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கினேன். மேலே கொஞ்சம் கிரீஸ்.

பிளக்கின் உள்ளேயும் பாருங்கள். டெக்சஸில் பரவாயில்லை, பனிக்காலத்தில் சாலையில் உப்புப் போடும் மிச்சிகன், ஒஹாயோ பக்கம் இருப்பவர்களுக்கு அந்த ஏழு தகடுகளும் இரண்டு மூன்று வருடத்தில் பாசி பிடித்த மாதிரி ஆகிவிடும். வயர் நிறங்களை நம்பாதீர்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த டிரெய்லரில் நீலம்தான் பிரேக், வெள்ளைதான் எர்த், ஆனால் உங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் கையில் கிடைத்த வயரைப் போட்டு ஒட்டியிருந்தால் நிறத்துக்கு ஒரு பொருளும் இல்லை.

வோல்ட்டை அல்ல, ஆம்பியரை அளங்கள்

வோல்ட்மீட்டர் பொய் சொல்லும். ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் வயரில்கூட, எதுவும் ஓடாதபோது, 12 வோல்ட் காட்டும். சுமை ஏறினால்தான் சாயம் வெளுக்கும். வண்டிப் பக்கம் சோதிக்க ஒரு பழைய ஹெட்லைட் பல்பை இரண்டு வயரில் கட்டி, பிளக்கின் பிரேக் முனைக்கும் எர்த் முனைக்கும் நடுவில் கொடுத்து லீவரைத் தள்ளுங்கள். பளிச்சென்று எரிந்தால் வண்டி நல்லது. டேஷோடு வரும் கன்ட்ரோலர்கள் சில பல்பை டிரெய்லராக ஏற்றுக்கொள்ளாமல் முரண்டு பிடிக்கும், அதற்கு நண்பரின் டிரெய்லர்தான் மருந்து. இவை துடிப்புத் துடிப்பாக மின்சாரம் அனுப்புவதால், லீவரைப் பாதி தள்ளி வோல்ட் பார்த்து 5 காட்டுகிறதே, 6 காட்டுகிறதே என்று பயப்படவும் வேண்டாம்.

டிரெய்லர் பக்கம் சோதிக்க, வயரை வெட்டாமல் வெளியிலிருந்தே கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்று வாங்குங்கள், வாங்கும்போது பேட்டரி தரும் டிசி மின்சாரத்தின் ஆம்பியரை அளக்குமா என்று பார்த்து வாங்குங்கள், மலிவானவை பல வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரத்தை மட்டுமே அளக்கும். சாதாரண மல்டிமீட்டரை நடுவில் கோர்த்து அளக்கலாம் என்று போகாதீர்கள், அதன் எல்லை 10 ஆம்பியர், ஃபியூஸ் போய்விடும். 10 அல்லது 12 அங்குல டிரம்மில் இருக்கும் காந்தம் ஒன்று சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். இரண்டு ஆக்ஸில், நாலு சக்கரம் என்றால் சுமார் 12. கெயினை (கன்ட்ரோலர் எவ்வளவு மின்சாரம் வரை அனுப்பலாம் என்று நாம் வைக்கும் அளவு) முழுதாக வைத்து லீவரையும் முழுதாகத் தள்ளி, நீல வயரைக் கிளாம்ப்பால் கவ்விப் பாருங்கள். 12 பக்கம் வந்தால் மின்சாரத்தில் குறையில்லை, பழுது டிரம்முக்குள். 9 வந்தால் ஒரு காந்தம் செத்திருக்கிறது. 6 என்றால் இரண்டு, பெரும்பாலும் ஒரு ஆக்ஸில் மொத்தமும், ஏனென்றால் இரண்டுக்கும் பொதுவான ஒரு இணைப்பு விட்டிருக்கும். எதுவுமே சரியான பங்காக இல்லாமல் 7.5, 8 என்று தடுமாறினால் வயர் மெல்லியது அல்லது இணைப்பு அழுகியது.

கன்ட்ரோலர் ஷார்ட் என்றோ ஓவர்லோடு என்றோ கத்தினால், பிளக்கைக் கழற்றுங்கள். செய்தி மறைந்துவிட்டால் ஷார்ட் டிரெய்லரில். நான் பார்த்தவரை முதல் சந்தேகம் ஆக்ஸில் குழாய் மேல்தான்: இடது சக்கரத்திலிருந்து வலது சக்கரத்துக்குப் போகும் வயரைக் குழாய்க்குள்ளேயே விட்டிருப்பார்கள், ஓடும்போது உள்ளே ஆடி ஆடி இரும்பில் உரசி, தோல் போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே வந்தால், எதைப் பிரித்தபோது ஷார்ட் போகிறதோ அதுதான் குற்றவாளி. குழாய்க்குள் புதிய வயர் விட்டு மெனக்கெடாமல், வெளியே ஆக்ஸில் ஓரமாகக் கொண்டுபோய்ப் பட்டை போட்டுக் கட்டிவிடுங்கள்.

காந்தத்தைத் தனியாக அளப்பதென்றால், அதன் இரண்டு வயருக்கும் நடுவில் 3.2 ஓம் பக்கம் காட்டவேண்டும். மீட்டரின் இரண்டு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு என்ன காட்டுகிறது என்று பார்த்து அதைக் கழித்துக்கொள்ளுங்கள், இவ்வளவு சின்ன அளவில் மீட்டர் வயரின் தடையே கணக்கைக் கெடுக்கும். ஒரு வயருக்கும் காந்தத்தின் உடம்புக்கும் நடுவில் எதுவும் காட்டக்கூடாது, காட்டினால் உள்ளே சுருள் கசிகிறது, தூக்கிப் போடுங்கள். காந்தத்தின் இரண்டு வயரில் எதை எர்த்தில் கொடுத்தாலும் ஒன்றுதான், பிளஸ் மைனஸ் கிடையாது.

டிரம்மைத் திறந்தால்

மின்சாரம் சரி, ஆனாலும் பிரேக் சோம்பேறியாக இருக்கிறது என்றால் திறக்காமலே ஒன்று செய்து பாருங்கள். டிரம்முக்குப் பின்னால் பிரேக் பாகங்களைத் தாங்கும் பின்தகட்டின் அடிப்பக்கம் ரப்பர் மூடிய ஒரு துளை இருக்கும், அதற்குள் ஸ்க்ரூ டிரைவரை விட்டு, ஷூக்களை டிரம்முக்கு நெருக்கவும் விலக்கவும் செய்யும் நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்புங்கள். ஜாக்கியில் தூக்கிய டிரெய்லர் சக்கரத்தைக் கையால் சுற்றவே முடியாத அளவுக்கு இறுக்கி, அப்புறம் லேசாக உரசிக்கொண்டே சுற்றும் அளவுக்குத் தளர்த்துங்கள். புதிய ஷூ போட்ட பின் முதல் 200 மைலில் ஒரு முறை, பிறகு 3,000 மைலுக்கு ஒரு முறை. தானாகச் சரிசெய்துகொள்ளும் வகை என்றால் இது வேண்டாம். எத்தனையோ பேர் வாங்கிய நாளிலிருந்து இதைச் செய்ததே இல்லை, கெயினை மட்டும் கூட்டிக்கொண்டே போவார்கள்.

அதுவும் பலிக்கவில்லையா, டிரம்மைக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதவேண்டாம், பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். ஷூவில் கிரீஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆக்ஸில் முனையில் ரப்பர் மூடியைத் திறந்து கன் வைத்து கிரீஸ் அடிக்கும் வசதி வந்ததிலிருந்து இது பெரிய தொல்லை: ஆர்வத்தில் வேகமாக அடித்தால் கிரீஸைத் தடுக்கும் பின்பக்க சீல் வளையத்தைத் தாண்டி டிரம்முக்குள் வழிந்துவிடும். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் என்ற உராயும் பட்டை கிரீஸ் குடித்துவிட்டால் கழுவிப் பயனில்லை, மாற்றவேண்டும், சீல் வளையத்தையும் மாற்றவேண்டும். நான் கன்னை ஒதுக்கிவைத்துவிட்டு வருடத்துக்கு ஒரு முறை பேரிங்கைக் கழற்றிக் கையால் கிரீஸ் வைக்கிறேன், அழுக்கு வேலைதான், ஆனால் அந்தச் சாக்கில் பிரேக்கையும் பார்த்துவிடுகிறேன்.

காந்தத்தின் முகம் சமமாகத் தேய்ந்திருக்கவேண்டும். ஒரு பக்கம் சரிந்து தேய்ந்திருந்தாலோ, உள்ளே செப்புச் சுருள் எட்டிப் பார்த்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. மாற்றும்போது ஒரே ஆக்ஸிலின் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் இழுக்கும். என் ஆலோசனை, ஷூ, காந்தம், ஸ்பிரிங் எல்லாம் பின்தகட்டோடு ஒன்றாகக் கோர்த்து வருவதையே வாங்கிவிடுங்கள், சில போல்ட், இரண்டு வயர், வேலை முடிந்தது. இடது வலது மாறிப் போகாமல் பாருங்கள்: இரண்டு ஷூவில் லைனிங் குட்டையாக இருப்பது வண்டியின் முன்பக்கம் பார்க்கவேண்டும்.

மழையில் நின்ற டிரெய்லர் காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் வெடுக்கென்று பிடித்தால் பதற வேண்டாம், ராத்திரி படிந்த மெல்லிய துரு, தேய்ந்துவிடும். நாள் முழுக்க வெடுக்கென்றால் கெயின் அதிகம் அல்லது ஷூவில் கிரீஸ்.

புதிய ஷூ போட்டிருந்தால் 40 மைல் வேகத்திலிருந்து 20-க்குக் குறைப்பதை, நடுவில் ஒரு மைல் ஆறவிட்டு, 20, 30 முறை செய்தால்தான் லைனிங் டிரம்மோடு பழகும். அதற்குப் பிறகு கெயின். உலர்ந்த சமதளத்தில் 20, 25 மைல் வேகத்தில் லீவரை முழுதாகத் தள்ளுங்கள், சக்கரம் வழுக்கும்வரை ஒவ்வொரு புள்ளியாகக் கூட்டி, வழுக்கியதும் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். தண்ணீர்த் தொட்டி நிரம்பிய டிரெய்லரும் காலி டிரெய்லரும் ஒன்றல்ல, எடை மாறினால் கெயினும் மாறும். கலிஃபோர்னியாவில் 1,500 பவுண்டு வந்தாலே உள்ளே தங்கும் கேம்பிங் டிரெய்லருக்குப் பிரேக் வேண்டும், டெக்சஸில் 4,500 வரை சட்டம் கேட்காது, ஆனால் இறக்கத்தில் 4,000 பவுண்டு டிரெய்லர் பிக்கப்பைத் தள்ளும்போது அந்தச் சட்டம் வந்து பிடிக்காது.

கடைசியாக, நெடுஞ்சாலையை விட்டு இறங்கி பெட்ரோல் போட நிறுத்தும் இடத்தில் நாலு சக்கர ஹப்பையும் அகச்சிவப்பு வெப்பமானியால் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். நாலும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்கவேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங் அல்லது ஒட்டிக்கொண்ட ஷூ, அந்த இடத்திலேயே பார்க்காமல் கிளம்பாதீர்கள். ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால் அது மற்ற மூன்றின் தலையில் வேலையைக் கட்டிவிட்டு சும்மா உருண்டு வருகிறது, வீட்டுக்குப் போனதும் அந்தச் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் இரண்டு வயர் இணைப்புகளிலிருந்து ஆரம்பியுங்கள்.